பழைய பிரெஞ்சுக் கடிதங்களில் வரும் 'இதோலாத்ர்': விக்கிரகாராதனைக்காரர், அஞ்ஞானி, சிலை வணங்கி... எதை எழுதுவது?

முத்தியால்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். இயேசு சபைக் குருக்கள் தம் பணித்தளங்களிலிருந்து பிரான்சுக்கு எழுதிய கடிதங்கள் 1702 முதல் 1776 வரை பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சாயின. புதுச்சேரியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் வரும் சில பகுதிகளைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளி மாணவர்களுக்கான உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றுக்காக இந்த வேலை.

பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல் வருகிறது: 'இதோலாத்ர்'. அகராதிப்படி பார்த்தால் சிலையை வணங்குபவர். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. விவிலியத் தமிழில் 'விக்கிரகாராதனைக்காரர்' என்று இருக்கிறது. பழைய கத்தோலிக்க நூல்களில் 'அஞ்ஞானி' என்று இருக்கிறது. இக்கால மேடைகளில் 'சிலை வணங்கி' கேட்கிறது. பாடநூல் நடையில் எழுதினால் 'உருவ வழிபாட்டினர்'. நான்கும் ஒரே ஆளைத்தான் சுட்டுகின்றன. ஆனால் நான்கையும் ஒரே மாணவியிடம் படித்துக் காட்டினால் நான்கு வெவ்வேறு முகங்களை அவள் கற்பனை செய்வாள்.

அதே கடிதங்களில் 'ழாந்தி' என்ற இன்னொரு சொல்லும் கலந்து வருகிறது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதுமா, தனித்தனியாக வேண்டுமா? உங்கள் கருத்து தேவை.

நேர்ப்பேச்சு

அம்மா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'இந்துக்கள்' என்று எழுதுங்கள். நம் தாத்தா பாட்டிகளை அவமதித்து எவரோ எழுதிய சொல்லை நாம் ஏன் நம் பிள்ளைகள் வாயில் திணிக்க வேண்டும்?

கெடிலக்கரை

நேர்ப்பேச்சு அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் தீர்வு சரியன்று. அந்தக் குரு 'இந்துக்கள்' என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. அவர் வைத்த சொல்லை எடுத்துவிட்டு நம் காலத்துச் சொல்லை வைத்தால், 300 ஆண்டுகளுக்கு முன்பே அவர் நம்மை மரியாதையாக அழைத்தார் என்ற பொய்யைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். வசவைத் துடைத்துவிட்டால் வசை பாடியவருக்குத்தான் நன்மை.

சொல்லின் வேரைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'எய்தோலோன்' என்றால் உருவம். அதற்கு முன்பு நிழல், ஆவி. இறந்தவர்களின் நிழலுருவத்துக்கு அந்தச் சொல்லைப் பழைய கிரேக்கக் காவியங்களில் காணலாம். 'லாத்ரேயா' என்றால் ஊழியம், பிறகு வழிபாடு. இரண்டும் சேர்ந்து 'எய்தோலோலாத்ரேஸ்'. இலத்தீன் வழியாக வந்தபோது நடுவில் ஒரு 'லோ' உதிர்ந்து பிரெஞ்சில் 'இதோலாத்ர்' ஆயிற்று. ஆக, இச்சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது: நீ வணங்குவது மெய்யன்று, நிழல்.

தமிழில் நாம் வைத்திருக்கும் 'விக்கிரகம்' அப்படிப்பட்ட சொல்லே அன்று. வடமொழியில் அதற்கு உருவம், உடல் என்று பொருள். போர் என்றும், தொகைச் சொல்லைப் பிரித்துக் காட்டுதல் என்றும்கூடப் பொருள் உண்டு. இழிவு எங்கும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் 'உற்சவ விக்கிரகம் புறப்படுகிறது' என்று சொல்லும் அர்ச்சகர் கைகூப்பிக்கொண்டுதான் சொல்கிறார். மொழிபெயர்த்தவர்கள் செய்தது என்னவென்றால், வணங்குபவர்கள் பயபக்தியோடு சொல்லிவந்த சொல்லை எடுத்து அதன் பின்னால் 'ஆராதனைக்காரர்' என்று சேர்த்துப் பாவப் பட்டியலில் வைத்தார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 6ஆம் அதிகாரம், 9ஆம் வசனம். பழைய மொழிபெயர்ப்பில் வேசிமார்க்கத்தாருக்கும் விபசாரக்காரருக்கும் நடுவில் விக்கிரகாராதனைக்காரர் நிற்கிறார். அடுத்த வசனத்தில் திருடரும் கொள்ளைக்காரரும் வருகிறார்கள். ஒரு சொல்லுக்கு யார் பக்கத்து வீட்டார் என்பதைப் பார்த்தாலே அதன் மதிப்பு தெரிந்துவிடும்.

வில்லியனூர்க்காரன்

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்துச் சொல் வழக்கத்தை இங்கே வைக்கிறேன், ஏனென்றால் இது இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானது.

மாதா கோயிலில் இருப்பதை நாங்கள் ஒருபோதும் சிலை என்றோ விக்கிரகம் என்றோ சொல்லமாட்டோம். அது 'சுரூபம்'. மாதா சுரூபம், அந்தோணியார் சுரூபம், சூசையப்பர் சுரூபம். அந்தச் சுரூபத்தைத் தேரில் வைத்து, பூ அலங்காரம் செய்து, கொடியேற்றி, ஊர்வலமாகக் கொண்டுபோகிறோம். எங்கள் வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரும் ஓடுகிறது, லூர்து மாதா தேரும் ஓடுகிறது. பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த மரபு திருக்காமீசுவரர் தேருக்கு உண்டு. இன்று துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். தேரில் இருப்பது அங்கே திருமேனி, இங்கே சுரூபம். விக்கிரகம் என்ற சொல்லைக் கண்டனமாகச் சொல்பவன் எப்போதும் தெருவின் மறுபக்கத்திலிருந்துதான் சொல்கிறான்.

எங்கள் மறைக்கல்வியில் இதற்கு ஒரு தெளிவான கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 787இல் நடந்த இரண்டாம் நிசேயா சங்கம் படங்களுக்கும் சுரூபங்களுக்கும் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று பிரித்தது. கெடிலக்கரை ஐயா சொன்ன அதே 'லாத்ரேயா' அந்த இரண்டாவது சொல். படத்துக்குச் செலுத்தும் வணக்கம் படத்தில் இருப்பவரைச் சென்று சேரும் என்பது சங்கத்தின் வாதம். 'மாதாவுக்கு வணக்கம், கடவுளுக்கு ஆராதனை' என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோம்.

இப்போது என் கேள்வி. 'இந்தச் சிலையில் அல்ல, இதன் வழியாக அவரை' என்று திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் சந்நிதியில் நிற்பவர் சொன்னால், அதை ஏற்க மறுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எங்கள் குருக்கள் அன்று அந்த விளக்கத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றவருக்கு மறுத்தார்கள். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பம்

வில்லியனூர் அண்ணனுக்கு ஒரு சேர்க்கை. நான் லுத்தரன் சபை. எங்கள் பெரியவர்கள் உங்கள் சுரூபத்தையும் விக்கிரகம் என்றுதான் சொல்லிவந்தார்கள்! சீர்திருத்தச் சபைகளின் பழைய பிரசங்கங்களில் 'விக்கிரகாராதனை' என்ற சொல் இந்துக் கோயிலைச் சுட்டிய அளவுக்கு ரோமன் கத்தோலிக்கரையும் சுட்டியிருக்கிறது. ஒருவர் விரலை நீட்டும்போது அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் தரப்பின் பழைய சொல்லையும் சொல்லிவிடுகிறேன். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1713இல் அச்சிட்ட தமிழ்ச் சிறு நூலின் தலைப்பு 'அக்கியானம்'. சிலை வணங்குவோர் அவர் நடையில் 'அக்கியானிகள்'. அஞ்ஞானி என்பதன் வேறு உச்சரிப்புதான். ஆனால் அதே மனிதர்தான் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, பெயர், கதை, பூசை முறை எல்லாவற்றையும் ஓலைகளிலிருந்தும் ஊர்ப் பெரியவர்களிடமிருந்தும் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூலை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். உன்னை அனுப்பியது அதை அங்கே ஒழிக்க, இங்கே பரப்ப அல்ல என்பது அவர்கள் நிலைப்பாடு. நூல் 1867இல்தான் வெளிவந்தது. ஆகவே ஒருவர் வாயில் இந்தச் சொல் இருந்தது என்பதற்காக அவர் கண் மூடியிருந்தது என்று முடிவு கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலூரிலும் 1737 முதல் அந்தப் பணித்தளம் இருந்தது.

முத்தியால்பேட்டை வாசகி

நன்றி. 'அஞ்ஞானி' பற்றி யாராவது இன்னும் விரிவாகச் சொல்லுங்களேன். கத்தோலிக்கப் புதுச்சேரியில் அன்று ஒரு தமிழ் உபதேசியார் (மறைக்கல்வி கற்பிப்பவர்) வாயில் இந்தச் சொல்தானே இருந்திருக்கும்?

கெடிலக்கரை

ஆம். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தத்துவபோதகர், அதாவது தெ நோபிலி, கிறித்தவச் சமயச் சொற்களை 'ஞானம்' என்ற ஒரு சொல்லின் மேல் அடுக்கினார். ஞானஸ்நானம், ஞானத் தகப்பன், ஞானோபதேசம். தண்ணீரில் முழுக்குவதற்கும் ஞானத்துக்கும் என்ன தொடர்பு என்று அந்நாளில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த அடுக்கு நின்றுவிட்டது. அப்படி நின்றபின், அதற்கு வெளியே இருப்பவனுக்குப் பெயர் தானாகவே வந்து சேர்ந்தது: அஞ்ஞானி. ஞானஸ்நானம் பெறாதவன் அஞ்ஞானி. இதில் சிலையே இல்லை, கவனியுங்கள். சிலையை வணங்காத ஒரு நாத்திகனையும் இந்தச் சொல் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. சைவனுக்கு இந்தச் சொல் புதிதன்று. அஞ்ஞானம் என்பது ஆணவ மலம் தரும் இருள். 'அஞ்ஞானியாகிய நான்' என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு அழுவது நம் பக்தி மரபில் இயல்பு. தன்னைப் பற்றித் தான் சொல்லும்போது பணிவு, மற்றவன் சொல்லும்போது வசை. அதனால் ஒரு மாணவர் 'அஞ்ஞானி' என்று படித்தால் 'அறியாதவன்' என்று எளிதாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார், மதக் கூர்மை மங்கிவிடும். இது உங்கள் நூலுக்கு ஒரு சிக்கல்.

பரங்கிப்பேட்டை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் 'சிலை வணங்கி' என்ற சொல்லைப் பலர் எங்கள் தலையில் வைக்கிறார்கள்.

குர்ஆனில் வரும் சொல் 'முஷ்ரிக்'. அதன் வேர் ஷ-ர-க: பங்கு, கூட்டு. இறைவனோடு இன்னொன்றைக் கூட்டுச் சேர்ப்பவர். தமிழ் முஸ்லிம்கள் இதை 'இணைவைப்பவர்' என்று பெயர்த்தார்கள். எவ்வளவு துல்லியமான பெயர்ப்பு என்று பாருங்கள். சிலைக்கு அரபியில் தனிச் சொற்கள் இருக்கின்றன: 'ஸனம்', 'வஸன்'. இப்ராஹீம் நபி தம் தந்தையிடம் கேள்வி கேட்கும் இடத்தில் அந்த 'ஸனம்' என்பதன் பன்மைதான் வருகிறது. அப்படியிருக்க முஷ்ரிக் என்பதைச் 'சிலை வணங்கி' என்று சுருக்குவது மொழிபெயர்ப்புப் பிழை. ஒரு சிலையும் இல்லாமலே ஒருவர் இணைவைக்கலாம் என்பது எங்கள் மார்க்கக் கல்வி. தர்காவில் போய் அடக்கமானவரிடம் நேரடியாகக் கேட்பது இணைவைப்பா, இல்லையா என்று எங்களுக்குள்ளேயே எத்தனை விவாதம் நடந்திருக்கிறது! அங்கே சிலை ஏது?

பாரசீகத்தில் சிலைக்குப் 'பொத்' என்று பெயர். புத்தர் என்ற பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 'பொத்பரஸ்த்' என்றால் சிலை வணங்குபவர். தொடக்ககாலச் சிற்பங்களில் தன் ஆசானை மனித உருவில் காட்டாத ஒரு மரபில், அந்த ஆசான் பெயர், கடைசியில் சிலைக்கே பெயரானது.

ஆனால் வீட்டில், கடைத்தெருவில் இவை எதையும் நாங்கள் பேசியதில்லை. கடற்கரை முஸ்லிம் ஊர்களில் முந்தைய தலைமுறை இந்துக்களைத் 'தமிழர்' என்றுதான் சொன்னது. 'தமிழாள் வந்திருக்கிறார்' என்றால் பக்கத்துத் தெரு இந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று பொருள். சொன்னவரும் தமிழ்தான் பேசினார், வேறு மொழி அவருக்குத் தெரியாது.

முத்தியால்பேட்டை வாசகி

பரங்கிப்பேட்டை ஐயா, இது எனக்குப் பெரிய உதவி! ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் இதே வழக்கம் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த அவர் 1736 முதல் தம் இறுதிக் காலம் வரை எழுதினார். கிறித்தவரைக் கிறித்தவர் என்றும், தம்மைப் போன்றவர்களைத் 'தமிழர்' என்றும் பிரித்துச் சொல்கிறார். கிறித்தவர்களும் தமிழ்தான் பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்று அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் இருந்தது.

அதே நாட்குறிப்பில் 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்த நேரம். பக்கத்திலேயே இருந்த இயேசு சபைக் கோயில் அவர் எழுத்தில் 'சம்பாவுலு கோயில்'. புனித பவுல் பெயர் அப்படி ஒலித்தது. நாம் இன்று சொல்லும் சம்பா கோயில் அதன் மிச்சம்தான். இப்போதுள்ள கட்டடம் 1791இல் எழுந்தது. ஒரே தெருவில் பல ஆண்டுகள் இரண்டு கோயில்கள். ஒன்றில் இருந்தவர்கள் மற்றதில் இருந்தவர்களைப் பற்றிப் பாரிசுக்கு எழுதிய கடிதங்களைத்தான் நான் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தச் சொல் எனக்கு வெறும் அகராதிக் கேள்வியாக இல்லை.

பழைய பிரெஞ்சு மாணவர்

தாமதமாக வருகிறேன். 'இதோலாத்ர்' என்ற இதே சொல்லைப் பற்றிப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர் தம் தத்துவ அகராதியில், 1764இல், ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் வாதத்தின் சாரம்: உலகில் எந்த மக்கள் கூட்டமும் இந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை, இது ஒரு வசை, இழிசொல். ரோமானியனிடமோ கிரேக்கனிடமோ போய், நீ சிலையை வணங்குபவனா என்று கேட்டிருந்தால் அவன் வியப்போடு பார்த்திருப்பான். நான் வணங்குவது தேவனை, அந்தப் பளிங்கை அன்று என்றிருப்பான் என்பது அவர் எண்ணம்.

இதில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1760இல் மோதாவ் என்ற பிரெஞ்சு அதிகாரி புதுச்சேரிப் பக்கமிருந்து 'எசூர் வேதம்' என்ற கையெழுத்துப் பிரதியை வோல்த்தேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுமந்துவும் வியாசரும் உரையாடுவதாக அமைந்த நூல். அதில் சுமந்து பல தெய்வ வழிபாட்டையும் சிலை வழிபாட்டையும் மறுத்துப் பேசுகிறார். இது மிகப் பழைய இந்திய ஞானம் என்று வோல்த்தேர் நம்பி அரச நூலகத்தில் சேர்த்தார். 1778இல் அது அச்சிலும் வந்தது. பின்னர் சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் புதுச்சேரியில் இருந்த மிஷன் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து, இது வேதமே அன்று, மிஷனரிச் சூழலில் எழுதப்பட்டது என்று காட்டினார். அந்தக் கட்டுரை 1822இல் வெளியாயிற்று. இந்தச் சொல்லை வசை என்று அடையாளம் கண்ட அதே மனிதரின் கையில், அந்த வசையை ஒரு முனிவர் வாயிலேயே வைத்து எழுதிய நூல் போய்ச் சேர்ந்தது.

'ழாந்தி' பற்றி: இலத்தீன் 'ஜென்திலிஸ்', அதாவது ஓர் இனத்தைச் சேர்ந்தவர். யூதர் அல்லாத பிற இனத்தவர் என்பதைக் குறிக்க விவிலியத்தில் வந்தது. போர்த்துகீசியர் அதை 'ஜென்தியோ' என்று கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் வாயில் 'ஜென்டூ' ஆகி, சென்னையில் தெலுங்கரைக் குறிக்கும் சொல்லாகவே நின்றுவிட்டது. இதிலும் சிலை இல்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போடாதீர்கள்.

உளி

நீங்கள் எல்லாரும் வணங்குபவரைப் பற்றியே பேசுகிறீர்கள். செய்கிறவன் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். நான் கல் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன்.

பட்டறையில் கிடக்கும்போது அது கல். அதன் மேல் கால் வைத்து ஏறித்தான் செதுக்குவோம், அதில் குற்றம் இல்லை. உருவம் முடிந்தபின்பும் அது சிலைதான். வாங்க வருபவர்கள் விலை பேசுவார்கள். கண் திறந்து, ஆவாகனம் செய்து (தெய்வத்தை அதில் எழுந்தருளச் செய்து), பிரதிஷ்டை ஆன பிறகுதான் அது சாமி. அதன்பின் செய்த என் கையாலேயே நான் அதைத் தொட முடியாது.

இதோடு முடியவில்லை. கோயிலில் திருப்பணி வந்தால் என்ன செய்கிறார்கள்? பாலாலயம். மூர்த்தியில் இருக்கும் கலையைக் கும்பத்து நீருக்கோ, மரப்பலகையில் வரைந்த உருவத்துக்கோ மாற்றுகிறார்கள். மாற்றியதும் கருவறையில் இருப்பது மறுபடியும் கல். நாங்கள் உள்ளே போய் மருந்து சாத்தலாம், பீடத்தைச் சரிசெய்யலாம். கும்பாபிஷேகத்தன்று திரும்ப ஏற்றுகிறார்கள். வீட்டில் பிடித்து வைக்கும் மஞ்சள் பிள்ளையார்கூட அப்படித்தான். பூசை முடிந்து வடக்கே நகர்த்தி வைத்தால் அது மஞ்சள்.

கல்லுக்கும் சாமிக்கும் வேறுபாடு தெரியாத கூட்டம் என்றால் இந்தச் சடங்குகள் எல்லாம் எதற்கு? நிழலை வணங்குபவர் என்று பெயர் வைத்தவர்கள் பட்டறைக்கு ஒரு நாள் வந்திருக்கலாம்.

கெடிலக்கரை

உளி தம்பி எழுதியது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு என்று நினைக்கிறேன். அதை ஒட்டிச் சொல்கிறேன்.

சிலையை வணங்குபவர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டவர் இல்லை என்பது வோல்த்தேர் கட்டுரையின் வாதம் என்றார்கள். ஆனால் தமிழில் ஒரு குரல் கேட்கிறது. புறநானூறு 335, மாங்குடி கிழார். பகைவர் முன் நின்று தடுத்து, யானையைக் கொன்று, தானும் வீழ்ந்தவனுக்கு நட்ட கல்லைச் சொல்லிவிட்டு, 'கல்லே பரவின் அல்லது நெல்லுகுத்துப் பரவும் கடவுளும் இலவே' என்கிறார். நாங்கள் பரவுவது கல்லைத்தான், வேறு கடவுள் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறது அந்தப் பாட்டு. அந்தக் கல்லுக்குள் ஒரு மனிதனின் சாவு இருக்கிறது, ஊரின் நன்றி இருக்கிறது. 'கல் பரவுவோர்' என்பது அங்கே வசையன்று.

பிறகு சிவவாக்கியர் வந்து 'நட்ட கல்லும் பேசுமோ' என்று கேட்டார். அதுவும் நம் குரல்தான். வீட்டுக்குள் இருந்து வந்த கேள்வி. வெளியே நின்று 'இதோலாத்ர்' என்றதும் இதுவும் ஒன்றல்ல. சிவவாக்கியர் 'நீங்கள் அஞ்ஞானிகள், நான் வேறு' என்று வேலி போடவில்லை. நாதன் உள்ளிருக்கையில் ஏன் வெளியே தேடுகிறாய் என்றார்.

நம் கடலூர் மாவட்டத்திலேயே எல்லா நிலையும் இருக்கிறது. சிதம்பரத்தில் உருவமாக நடராசர், அருவுருவமாக ஸ்படிக லிங்கம், அருவமாகத் திரைக்குப் பின்னால் வெட்டவெளி. மூன்றையும் ஒரே அர்ச்சகர் காட்டுகிறார். வள்ளலாரைப் பாருங்கள். பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்த ஸ்ரீதர நாயக்கர் உருவ வழிபாட்டை மறுத்தபோது கடலூரில் அவரோடு வாதிட்டு உருவ வழிபாட்டின் பக்கம் நின்றவர் அவர். அவரே 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தபோது ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒரு சோதியை வைத்தார். அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1854இல் எழுதிய 'சைவ தூஷண பரிகாரம்' இன்னொரு வழி. சீர்திருத்தச் சபையாரின் விவிலியத்தையே திறந்து, அங்கே உள்ள ஆலயமும் பலியும் தூபமும் எங்கள் கிரியைகளுக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள் என்று காட்டினார். விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்ற மனிதர் ஆதலால் அவருக்கு வசனம் வசனமாகத் தெரியும்.

நேர்ப்பேச்சு

எல்லாம் படித்தேன். கெடிலக்கரை ஐயா சொன்னபடி 'இந்துக்கள்' என்று மாற்றுவது வேண்டாம், ஒப்புகிறேன். ஆனால் என் கோரிக்கை நிற்கிறது. மாணவர்கள் கையில் போகும் நூலில் 'இந்த ஊர் விக்கிரகாராதனைக்காரர்கள் இன்ன திருவிழா கொண்டாடினார்கள்' என்று வந்தால், எது குருவின் குரல், எது ஆசிரியரின் குரல் என்று ஒரு சிறுமிக்கு எப்படித் தெரியும்?

மஞ்சக்குப்பம்

சரியான கேள்வி. நான் வகுப்பில் பாடம் எடுப்பவள். பிள்ளைகள் அடிக்குறிப்பைப் படிக்கமாட்டார்கள். குரல் வேறுபாடு வரியிலேயே தெரிய வேண்டும்.

வில்லியனூர்க்காரன்

அக்கா சொல்வது உண்மை. கடிதப் பகுதியைத் தனிக் கட்டத்தில், 'குரு எழுதுகிறார்' என்ற தலைப்போடு கொடுங்கள். கட்டத்துக்குள் அவர் சொல், வெளியே உங்கள் சொல். இன்னொரு யோசனை: எங்கள் சபையே தன் சொல்லை மாற்றிக்கொண்டது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'புறஜாதியார்' போய்ப் 'பிற இனத்தார்' வந்துவிட்டது. 'விக்கிரகாராதனை' இருந்த இடத்தில் 'சிலை வழிபாடு' வருகிறது. சிலை வழிபாடு என்பதில் கண்டனம் இன்னும் இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டார் கோயிலில் பயபக்தியோடு சொல்லும் சொல்லைப் பிடுங்கி அவரையே அடிக்கும் கொடுமை இல்லை.

பரங்கிப்பேட்டை

ஒரு சிறு எச்சரிக்கை. 'சிலை வணங்கி' என்பதை மட்டும் எங்கும் போடாதீர்கள். மாடு, ஆடு என்பதைப் போல ஒரு மனிதரை அழைக்கும் தொனி அதில் ஏறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டுக் குருவுக்கும் அது பொருந்தாது. அவர் காலத்துத் தமிழில் அது இல்லை.

முத்தியால்பேட்டை வாசகி

எல்லாருக்கும் நன்றி. இப்படிச் செய்யப்போகிறேன்.

கடிதக் கட்டத்துக்குள் 'இதோலாத்ர்' வரும் இடமெல்லாம் 'விக்கிரகாராதனைக்காரர்'. நீளமான, முரட்டுத்தனமான சொல்தான். படிக்கும்போது தடுக்கத்தான் வேண்டும். 'அஞ்ஞானி' அன்றைய புதுவைக் கத்தோலிக்கத் தமிழுக்கு நெருக்கம் என்றாலும், கெடிலக்கரை ஐயா சொன்ன காரணத்தால் மாணவர்களிடம் அதன் கூர்மை போய்விடும். மேலும் குருவின் பிரெஞ்சுச் சொல்லில் சிலை இருக்கிறது, அஞ்ஞானியில் இல்லை. 'ழாந்தி' வரும் இடத்தில் 'புறஜாதியார்'.

கட்டத்துக்கு வெளியே, என் குரலில், அந்த மக்கள் தம்மை எப்படிச் சொன்னார்களோ அப்படி. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துக்குத் 'தமிழர்' என்று எழுதி, அன்று அதற்கு இந்தப் பொருளும் இருந்தது என்று அந்த வரியிலேயே சொல்லிவிடுவேன். கோயில் தெரிந்த இடத்தில் கோயில் பெயரையே எழுதுவேன்: வேதபுரீசுவரர் கோயில் அடியார்கள், திருக்காமீசுவரர் தேர் இழுத்தவர்கள். பொதுச் சொல்லே தேவைப்படாத இடங்கள்தான் மிகுதி என்று இப்போது தெரிகிறது.

உளி அவர்களின் பாலாலய விளக்கத்தை, அவர் அனுமதி தந்தால், நூலில் ஒரு தனிப் பக்கமாகச் சேர்க்க விரும்புகிறேன்.

உளி

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. 'மருந்து சாத்துதல்' என்று எழுதியிருக்கிறேன், அதை 'அஷ்டபந்தனம்' என்று முழுதாக எழுதுங்கள். எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்க்கும் மருந்து அது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் அதில் சேரும்.

பழைய பிரெஞ்சு மாணவர்

முசே, துப்புய் என்ற இரு குருக்கள் தொகுத்துப் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1855 முதல் 1862 வரை அச்சான தமிழ்–பிரெஞ்சு அகராதியின் பிரதி என்னிடம் இருக்கிறது. அஞ்ஞானம், விக்கிரகம், சுரூபம், புறம் ஆகிய சொற்கள் உள்ள பக்கங்களைப் படம் எடுத்து இந்த இழையில் ஏற்றுகிறேன். வாசகி அம்மா பெயர்க்கும் கடிதங்களுக்கு ஏறத்தாழ 100 ஆண்டுகள் பிந்தியது என்றாலும், அதே ஊர்க் குருக்களின் தமிழ் காதில் எப்படி விழுந்தது என்று ஒப்பிட உதவும்.